கறுப்புப் பொத்தான்

ஒளியை நாற்பது நாள் அடைத்துவைக்க எங்களுக்குத் தெரியும். இதைச் சொன்னால் "அப்படியா" என்று தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். விசாரணைக் குழுவில் இருந்த மூன்று பேரும் அப்படித்தான் தலையாட்டினார்கள். ஒருவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே ஆட்டினார். அவர்களிடம் சொன்னதையெல்லாம் இங்கேயும் சொல்கிறேன். சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

என் பெயர் அறவாழி. தெற்குக் கரையில், உப்பளங்களைத் தாண்டி, ஒரு மொட்டைக் குன்றைக் குடைந்து கட்டிய ஆய்வகத்தில் இருபது வருடமாக இயற்பியல் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். புரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்ட ஒருவருக்குப் பிறந்தவன் நான். அதையே ஒரு பட்டம்போலச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். புதுக் கருவி வந்து யாராவது அதற்குக் குங்குமம் வைத்தால் ஈரத்துணியோடு போய் நிற்பேன். எங்கள் திட்டத் தலைவர் கமருன்னிசா மேடம் இதைப் பார்த்துச் சிரிப்பார். "துடைச்ச பிறகு நல்லா ஓடுதா அறவாழி?" என்று கேட்பார்.

புயல் அடித்து ஓய்ந்த மூன்றாம் நாள் காலை பிரிஸ்கா எங்கள் வாசலுக்கு வந்தார். பக்கத்துக் கடற்கரை ஊரான கீழ்முனையில் பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமைப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கஸ்பார், புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஃபைபர் வள்ளத்தில் வலை எடுக்கக் கிளம்பிவிட்டார். எப்போதும் கூடப் போகும் ஆளுக்கு அன்று காய்ச்சல் என்பதால் தனியாகப் போயிருக்கிறார். திரும்பவில்லை. ஊர்ப் படகுகளும் ஒரு தேடுதல் விமானமும் கடலைச் சல்லடை போட்டுக்கொண்டிருந்தன.

அவர் எங்களிடம் வந்ததற்குக் காரணம் ஒரு டி.வி. செய்தி. எங்கள் கருவியை 'நாளையைக் காட்டும் கண்ணாடி' என்று சொல்லிவிட்டார்கள். நான் அந்தப் பேட்டியில் மறுத்திருக்க வேண்டும். மறுக்காமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தேன்.

"சார், அவுக வருவாகளா மாட்டாகளான்னு இதுல பாக்கலாமாமே," என்றார் பிரிஸ்கா.

கருவியைக் காட்டினேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு மேசை, ஒரு சதுரத் தட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குளிர் அறை.

"ஒளியை இரட்டையா பிறக்கவைக்கலாம்மா. ஒண்ணு இந்தத் தட்டுல இப்பவே விழுந்து ஒரு புள்ளி வைக்கும். அதோட கதை முடிஞ்சுது. இன்னொண்ணை அந்த அறையில ஒரு படிகத்துக்குள்ள அடைச்சுவைக்கிறோம். நாப்பது நாள் தாங்கும்."

"அடைச்சுவச்சு என்ன செய்யிதீங்க?"

"ஒளி வர்றதுக்கு ரெண்டு வாசல் விட்டிருக்கோம். எந்த வாசல் வழியா வந்துச்சுன்னு அடைச்சுவச்சதுகிட்ட பிறகு கேக்கலாம். கேட்டா, தட்டுல புள்ளியெல்லாம் சேந்து ஒரே திட்டா இருக்கும். கேக்காம, இனி யாருமே கேக்க முடியாதபடி அந்தத் தடத்தை அழிச்சிட்டா, கோடு கோடா இருக்கும்."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தட்டுல இன்னைக்கே விழுந்துருதுல்லா?"

"ஆமா."

"கேக்குறதும் அழிக்கிறதும் நாப்பது நாளு கழிச்சு."

"ஆமாம்மா."

"பொறவு எப்படி சார் இன்னைக்கே அதுக்குத் தெரியும்?"

எட்டு வருடமாக நான் தூக்கம் கெட்டு யோசித்த கேள்வியை அவர் மூன்று நிமிடத்தில் கேட்டுவிட்டார். மற்ற ஆய்வகங்களில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே தட்டை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. பின்னால் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்ற பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பிரித்தால்தான் கோடு தெரியும். புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எங்கள் படிகம் புத்தகம் படிக்கவில்லை. தேர்வு நடப்பதற்கு முன்பே தட்டு மட்டும் தனியாக விடையைக் காட்டிவிடுகிறது.

"தெரியாதும்மா," என்றேன். அந்த நாற்பது நாளில் நான் பேசிய முழு உண்மை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் நாற்பது முறை சோதித்திருந்தோம். ஒரு நாள், மூன்று நாள், அதிகபட்சம் ஒன்பது நாள். நாளை மழை பெய்தால் பச்சைப் பொத்தான், பெய்யாவிட்டால் கறுப்பு. மதுரை ரயில் நேரத்துக்கு வந்தால் பச்சை, வராவிட்டால் கறுப்பு. பச்சை என்றால் தடத்தை அழித்துவிடும், கறுப்பு என்றால் கேட்டுவிடும், அவ்வளவுதான். கோடு விழுந்த நாட்களிலெல்லாம் பின்னால் பச்சை அமுக்கப்பட்டது. திட்டு விழுந்த நாட்களிலெல்லாம் கறுப்பு. ஒருமுறை வேண்டுமென்றே ஏமாற்றிப் பார்த்தேன். கோடு விழுந்திருந்தது, கறுப்பைத்தான் அமுக்குவேன் என்று சபதம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். யாரோ டீ கொண்டுவந்தார்கள். வாங்கத் திரும்பியபோது என் முழங்கை பச்சைமேல் பட்டுவிட்டது. மேடம் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிரிஸ்காவுக்காகக் கருவியை ஓட்ட மேடத்துக்கு விருப்பமில்லை.

"மழையும் ரயிலும் வேற, இது வேற. இத்தனை நாள் படிகம் தாங்குமான்னே தெரியாது. தப்பா வந்துச்சுன்னா அந்தம்மாவுக்கு யார் பதில் சொல்றது?"

"தப்பா வராது மேடம். ஒரு தடவையாவது வந்திருக்கா?"

"சரி, நாப்பதாம் நாள் யார் அமுக்குறது?"

அதற்கும் நான் யோசித்துவைத்திருந்தேன். ஆய்வகத்து ஆள் அமுக்கினால் எங்கள் ஆசை அதில் கலந்துவிடும். கஸ்பார் வந்தாரா இல்லையா என்பது யாருக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்? மனைவிக்கு. எனவே பிரிஸ்காதான் அமுக்க வேண்டும், வந்தால் பச்சை, வராவிட்டால் கறுப்பு. இதைச் சொன்னபோது என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மேடம் கையெழுத்துப் போட்டார்.

அன்றே காலை பத்து மணிக்கு ஓட்டினோம். பதினொன்றரைக்குத் தட்டு தெளிந்தது. கோடுகள், இவ்வளவு துல்லியமாக அதுவரை விழுந்ததில்லை.

"கோடு," என்றேன். "அப்படின்னா நாப்பதாம் நாள் நீங்க பச்சை அமுக்குவீங்க. அவர் வந்திருப்பார்."

பிரிஸ்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சாயங்காலம் கீழ்முனையில் வெடி போட்டார்கள். எங்கள் குன்றுவரை கேட்டது.

அன்றே மாவட்டத் தேடுதல் அறையிலிருந்து ராஜவேலு என்ற அதிகாரி போன் செய்தார். களைத்த குரல்.

"சார், நியூஸ்ல சொல்றது நிஜமா? இதுவரைக்கும் எத்தனை தடவை சரியா வந்திருக்கு?"

"நாப்பதுக்கு நாப்பது."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"தாராளமா."

"இல்ல சார், எங்கிட்ட ஒரே ஒரு விமானம். வடக்க ரெண்டு படகைக் காணோம், ஒன்பது பேரு. உங்க ஆளு எப்படியும் வந்துருவாருன்னா அவரைத் தேடி நான் எதுக்குச் சுத்தணும்? வடக்க போறேன்."

எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை விமானம் வடக்கே போனது. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு கிடைத்தார்கள். இதையும் சொல்லிவிட வேண்டும். என் குழப்பத்தில் பாதி அந்த ஆறு பேர்தான். ஊர்ப் படகுகளும் இரண்டு நாளில் தேடுவதை விட்டுவிட்டுத் தொழிலுக்குத் திரும்பின. வரப்போகிறவரை யாரும் தேடுவதில்லை, வழிபார்ப்பார்கள்.

கீழ்முனை வழிபார்த்தது. பிரிஸ்கா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். வாரம் ஒருமுறை வறுத்த சீலா மீனோடு ஆய்வகத்துக்கு வருவார். தட்டின் நகல் ஒன்றை நான் கொடுத்திருந்தேன். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாதா படத்துக்குக் கீழே வைத்திருப்பதாகச் சொன்னார். சாதாரணமாக இதற்கு நான் ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். அப்போது பெருமையாக இருந்தது.

"எந்த நாளுன்னு சொல்லாதா சார்?" என்று ஒருமுறை கேட்டார். "கொழம்பு வச்சு வச்சுக் கொட்டுதேன்."

"சொல்லாதும்மா. நாப்பதுக்குள்ள."

"நாப்பதுக்குள்ள," என்று அவரும் சொல்லிக்கொண்டார்.

தட்டில் கோடு விழுந்த முப்பத்துமூன்றாம் நாள் வள்ளம் கிடைத்தது. தென்மேற்கே வெகுதூரத்தில், ஒரு சரக்குக் கப்பல் பார்த்துக் கட்டி இழுத்துவந்தது. உள்ளே யாருமில்லை. மழைத் தண்ணீர் பிடிக்கக் கட்டிய தார்ப்பாய் இருந்தது. காய்ந்த மீன் முட்கள் இருந்தன. உள்பக்கப் பலகையில் கத்தியால் கோடுகள் கீறியிருந்தார், நாளுக்கு ஒன்றாக. இருபத்தாறு கோடுகள்.

ராஜவேலு அதன் படத்தை எனக்கு அனுப்பினார். கூடவே பழைய தேடுதல் வரைபடத்தையும் அனுப்பினார். நான் எழுதிக் கொடுத்த மறுநாள் காலை விமானம் போயிருக்க வேண்டிய சதுரத்தில் பேனாவால் ஒரு வட்டம். அந்த நேரத்துக் காற்றையும் நீரோட்டத்தையும் வைத்துப் பார்த்தால் வள்ளம் அன்று அதற்குள்தான் மிதந்திருக்கிறது. வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை அவர். திட்டியிருக்கலாம்.

படத்தை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

"தட்டு வருவார்னு சொல்லுச்சே மேடம்."

அவர் வெகுநேரம் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தட்டு அப்படிச் சொல்லல அறவாழி. பச்சை அமுக்குவாங்கன்னு சொல்லுச்சு. வருவார்னு சொன்னது நீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"மழைக்கு ஒண்ணு. ரயிலுக்கு ஒண்ணு. அதுல பொய் சொல்லி யாருக்கு என்ன ஆகணும்? நாப்பது தடவை சரியா வந்துச்சுன்னா, நாப்பது தடவையும் அமுக்கினவங்க உள்ளதைச் சொன்னாங்கன்னு அர்த்தம். தட்டுக்குக் கடலும் தெரியாது, கஸ்பாரும் தெரியாது. பட்டன் மட்டும்தான் தெரியும்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"நம்ம ஊர்ல யாராவது கெட்ட சேதியை நேரா சொல்லிப் பாத்திருக்கீங்களா?" என்றார் மேடம். "ஆளு போன பிறகும் 'சீரியஸா இருக்காங்க, உடனே கிளம்பி வா'ன்னுதானே போன் பண்றோம்? அப்படிப்பட்ட ஊர்ல, பொண்டாட்டியைக் கூப்பிட்டு, புருஷன் வரலைன்னு கையால அமுக்குன்னு சொல்லியிருக்கோம். நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். எனக்கும் அன்னைக்குத் தோணல."

"எல்லாரும் அப்படி இல்ல மேடம்."

"உங்க அப்பாவுக்கு என்ன நோய்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. ராகு காலத்தில் தாலியில்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர், கடவுளையே நேருக்கு நேர் கேள்வி கேட்டவர், கடைசிவரை தனக்கு அல்சர் என்று நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். மருந்துச் சீட்டின் தலைப்பைக் கிழித்துவிட்டுக் கொடுத்தது நான்தான்.

அன்றிலிருந்து ஏழு நாள் என் தலைக்குள் நடந்ததை எழுதினால் படிப்பவருக்குத் தலை சுற்றும். எனக்குச் சுற்றியது. படிகத்துக்குள் ஒளி இன்னும் அடைபட்டுத்தான் இருக்கிறது. தேர்வு இன்னும் நடக்கவில்லை. நாற்பதாம் நாள் கறுப்பு அமுக்கப்பட்டால், முதல் நாளே தட்டில் திட்டுதான் விழுந்திருக்க வேண்டும். திட்டு விழுந்திருந்தால் நான் எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன். விமானம் தெற்கே போயிருக்கும். அந்தச் சதுரத்தில் ஒரு வள்ளம் இருந்திருக்கும், அதற்குள் ஒரு ஆள் கையை ஆட்டியிருப்பான்.

"கறுப்பை அமுக்கினா என்ன ஆகும் மேடம்?"

"தெரியாது. கோடு விழுந்த தட்டுக்கு இதுவரைக்கும் யாரும் கறுப்பு அமுக்கினதில்ல. உங்க முழங்கையைத்தான் பாத்தோமே."

"அப்போ அவர் கிடைச்சிருப்பார்தானே?"

"கிடைச்சிருந்தா பிரிஸ்கா எதுக்குக் கறுப்பு அமுக்கணும்? பச்சைதான் அமுக்குவாங்க. பச்சைன்னா கோடு. கோடுன்னா விமானம் வடக்க போயிடும்." அவரே விரலால் மேசையில் வட்டம் போட்டுக்கொண்டே போனார். திடீரென்று கையை எடுத்துவிட்டார். "அந்த ஆறு பேர் வேற இருக்காங்க. அவங்க என்ன ஆவாங்க? எனக்குப் புரியல அறவாழி. ரிட்டயராக ஆறு மாசம் இருக்கு, எனக்கு ஒண்ணுமே புரியல."

பிரிஸ்காவிடம் சொல்லிவிடலாம் என்று கீழ்முனைக்குப் போனேன். வள்ளம் கரையில் கவிழ்த்துக் கிடந்தது. இறந்தவர்களுக்கான பூசைக்கு நாள் குறிக்கலாமா என்று பங்குச் சாமியார் கேட்டாராம், பிரிஸ்கா ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"வள்ளந்தானே சார் கிடைச்சிருக்கு. அவுக கிடைக்கலையே. ஏதாவது கப்பல்காரன் ஏத்திட்டுப் போயிருப்பான். இன்னும் மூணு நாளு இருக்குல்லா?"

சுண்ணாம்பு வாசனை அடிக்கும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "பாப்போம்மா," என்றேன். காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் என்னை நானே திட்டிக்கொண்டேன்; அதனால் யாருக்கு என்ன பயன்.

நாற்பதாம் நாள் சாயங்காலம் ஐந்து மணியோடு படிகத்தின் ஆயுள் முடிகிறது. மேடம் குளிர் அறைக்குள் படிகத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து இந்த அறையைப் பார்க்க முடியாதபடி தடுப்பில் பனி படர்ந்திருந்தது. மேசையறையில் நானும் பிரிஸ்காவும் மட்டும். எனவே குழுவின் அறிக்கையில் என்ன எழுதியிருந்தாலும், நடந்தது இதுதான்.

நாலரை மணிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டுக்குப் பொத்தான் மட்டும்தான் தெரியும் என்பதையும், தேடலை நிறுத்த எழுதிக் கொடுத்தது நான் என்பதையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றால் அவர் முகத்தைப் பார்க்காமல், பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு, வகுப்பு எடுப்பதுபோல.

அவர் அழுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப நான் கறுப்பை அமுக்கினா அவுகளைத் தேடியிருப்பாகளா?" என்று கேட்டார்.

"தேடியிருக்கலாம்."

"இனிமேலா, அன்னைக்கா?"

"அன்னைக்கு."

"அன்னைக்கு நடந்தது முடிஞ்சுபோச்சே சார்."

"முடிஞ்சுதான்னு தெரியல பிரிஸ்கா. அதுதான் பிரச்சினையே. முடிஞ்சிருக்கலாம். நீங்க அமுக்குற வரைக்கும் முடியாமலும் இருக்கலாம். அவர் வரலை. வரலைங்கிற உண்மையைச் சொல்லுங்க. கறுப்பை அமுக்குங்க. வேற வழி எனக்குத் தெரியல."

கையை நீட்டினார். விரல் கறுப்புக்கு ஒரு சாண் மேலே நின்றது. அப்படியே நின்றது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வரலைன்னு என் கையால நான் எப்படி சார் சொல்லுவேன்?"

"சொன்னா வந்தாலும் வரலாம்மா."

"புரியுது. கையி போகமாட்டேங்குது." பச்சையைப் பார்த்தார். "பச்சையையும் தொடமாட்டேன். அது பொய்யி. பொய் சொல்லி அவுகளைக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்? நீங்களே அமுக்குங்க. நீங்க படிச்சவுக. உங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தோணாது."

மணி நாலு ஐம்பத்தெட்டு. யாரும் எதையும் அமுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆரம்ப நாட்களில், அந்த நாற்பதில் சேராமல், இரண்டு முறை அப்படி விட்டிருக்கிறோம். தட்டு கோடாகவும் இல்லாமல் திட்டாகவும் இல்லாமல் கலங்கிப்போயிருக்கும். இந்தத் தட்டு கலங்கவில்லை. இவ்வளவு துல்லியமான கோடுகள் விழுந்ததில்லை என்று நானே சொன்னேன். அப்படியானால் இன்னும் இரண்டு நிமிடத்துக்குள் இந்த அறையில் ஒருவர் பச்சையை அமுக்கப்போகிறார். பிரிஸ்கா இல்லை. வேறு யார் இருக்கிறார்கள் என்று நான் உண்மையாகவே ஒருமுறை சுற்றிப் பார்த்தேன்.

கறுப்பின் மேல் விரலை வைத்தேன். வைக்க முடிந்தது. முழங்கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டேன். இதில் என்ன இருக்கிறது, ஒரு ஸ்விட்சு. மழை பெய்யாத நாட்களில் எத்தனை முறை அமுக்கியிருக்கிறேன்.

"அமுக்குங்க சார்," என்றார் பிரிஸ்கா. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு கையால் கழுத்துத் தாலியைப் பிடித்திருந்தார். கெஞ்சவில்லை, தடுக்கவில்லை. டாக்டர் வெளியே வந்து வாயைத் திறப்பதற்கு முந்தைய நொடியில் வராந்தாவில் நிற்கும் மனிதர்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார். எனக்குப் பயம் வந்தது. பிரபஞ்சத்தைப் பற்றிய பயமெல்லாம் இல்லை. வடக்கே பிழைத்த ஆறு பேருக்காகத் தயங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம், குழு அதை ஒத்துக்கொள்ளவும் செய்யும். ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் நினைவே எனக்கு இல்லை. இந்த விரலை இறக்கினால் இந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே உன் கணவன் வரவில்லை, இனி வரமாட்டான் என்று சொன்னதாகிவிடும். அதைச் சொல்லப் பயம். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு காரணமும் இல்லை.

யாரும் டீ கொண்டுவரவில்லை. எதுவும் என் கையைத் தட்டிவிடவில்லை. என் விரலை நானே எடுத்து, நானே நகர்த்தி, பச்சையை அமுக்கினேன்.

விளக்கு எரிந்தது. குளிர் அறைக்குள் படிகம் தன் தடங்களை அழித்துக்கொள்ளும் முனகல் கேட்டது. நாற்பது நாளுக்கு முன்னால், காலை பதினொன்றரை மணிக்கு, ஒரு தட்டில் கோடுகள் விழுந்தன. ஒரு விமானம் வடக்கே திரும்பியது. பிரிஸ்காவுடைய கையைப் பற்றி மேடமும் நானும் அத்தனை பேசினோம். தட்டு பார்த்தது என் கையை.

"பச்சைன்னா வந்துட்டாகன்னுதானே சார்?" என்று மெதுவாகக் கேட்டார் பிரிஸ்கா.

தலையாட்டினேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, திரும்பி வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.